கோடா, பொட்டா

9.9.2006, சனி

பகல் முழுக்கப் புழுக்கம். ஆறு மணிக்கு மேல் மழை. கொடியில் காய்ந்திருந்த யூனிபார்ம் மறுபடி நனைந்து போனது. பிழிந்து ஃபேனுக்கு நேராகக் கட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலாண்டுத் தேர்வு தொடக்கம். தமிழ் முதல் தாள். படித்தது: செய்யுள். படிக்காதது: மீதி எல்லாம்.

விளக்கு எரிந்தால் ப்ளஸ் டூ பெண் படிக்கிறாள் என்று விட்டுவிடுகிறார்கள். மேலே தமிழ் நோட்ஸ், அடியில் இந்த டைரி. போன வருடம் எழுதியதை அப்பா அடுப்பில் போட்டார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. "பொட்டப்புள்ளைக்கு எழுதி ஒளிச்சி வைக்க என்னாடி இருக்குது" என்று கேட்டுக்கொண்டே போட்டார்.

தங்கச்சி ஜெனிக்கு வாந்தி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்தது, நிற்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் வயிற்றுக்குள் இவ்வளவு எங்கே இருந்தது? இப்போது வெறும் மஞ்சள் தண்ணீர்.

இன்று ஜெனியை நான்தான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். படிக்கணும், நீயே கூட்டிட்டுப் போ என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா அவளைப் பீங்கான் எஸ்டேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மாவுக்கு ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட்டில் கிளேஸ் போடும் வேலை. நாளெல்லாம் அந்த வெள்ளைப் பாலில் கட்டைகளை முக்கி முக்கி எடுக்க வேண்டும், அப்போதுதான் சூளையில் வெந்து வரும்போது பளபளப்பு இருக்கும். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். ஜெனி பின்பக்கம் உடைசல் மேட்டில் விளையாடினாள். உடைந்த கப், கோணிப்போன பொம்மை, தேய்ந்த அச்சு எல்லாம் கொட்டும் மேடு. எஸ்டேட் நீளத்துக்கு இருக்கும். நானும் அங்கே விளையாடியவள்தான்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வாயைச் சுற்றி வெள்ளை. கையில் வெள்ளை. லூர்து அத்தை பார்த்துவிட்டாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, அடுத்த வீடு. அதே யூனிட். அம்மாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

"ரெஜினா, ஒம் புள்ள நக்கிட்டாடி. வாயப் பாரு. கிளேஸு."

"ஐயோ, நான் பாக்கவேயில்ல அண்ணி."

"அழுவாத. எல்லாப் புள்ளையும் நக்குனதுதான். எண்ணெ எடு."

எங்கள் காலனியில் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் முதலில் உதட்டைப் பார்ப்பார்கள். வெள்ளை இருந்தால் வேறு கேள்வி கிடையாது. விளக்கெண்ணெய், அதன் மேல் வெந்நீர். வயிறு கழுவிக்கொண்டு போய்விடும். எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள்.

ஜெனி குடித்தாள். பாதி வெளியே வந்தது. மறுபடி ஊற்றினார்கள்.

இப்போது தூங்குகிறாள். முனகுகிறாள்.


10.9.2006, ஞாயிறு

பூசைக்கு நான் மட்டும் போனேன். சாமியார் என்ன பேசினார் என்று ஒரு வார்த்தை நினைவில்லை. மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று, எனக்கு மார்க் வேண்டாம், ஜெனிக்கு வாந்தி நிற்கட்டும் என்று கேட்டேன். பிறகு மார்க்கும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். அது தப்பு. ஒன்று மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

அப்பா வந்திருந்தார். பெண்ணாடத்தில் லாரி ஓட்டுகிறார், ஞாயிறுதான் வருவார். வந்ததும் வீடு கிடந்த நிலையைப் பார்த்தார். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக ஜெனியிடம்.

"கிளேஸு மருந்த நக்கினியா? சொல்லு. நக்கினியா?"

கை ஓங்கியிருந்தது. அடிக்கவில்லை. ஆனால் ஓங்கியிருந்தது.

"இல்ல."

"பொய் சொன்ன, தோல உரிச்சிடுவேன்."

"இல்லப்பா. இல்ல. இல்ல."

அதற்குப் பிறகு யார் எது கேட்டாலும் இல்ல. இட்லி தின்னியா, இல்ல. தண்ணி குடிச்சியா, இல்ல. குடித்த டம்ளர் கையில் இருக்கிறது, இல்ல என்கிறாள்.

மத்தியானம் அவளைத் துடைத்துவிட்டுக் கவுன் மாற்றினேன். காதோடு காதாகச் சொன்னாள்: "அக்கா, நான் பட்டாம்பூச்சி வூட்டுல வெளையாண்டேன்." சரி சரி, பேசாமல் படு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அப்போதே கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் வயிற்றுப்போக்கில் ரத்தம். அம்மா முதலில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள், அப்பாவைக் கூப்பிடவில்லை. துணியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தைதான் ஆட்டோ பிடித்தாள்.

ஆட்டோவில் பேசிக்கொண்டது:

"இன்னாத்த தின்னான்னு கேப்பாங்க. கிளேஸுன்னு சொல்லிடாத."

"அப்பறம் என்னான்னு சொல்றது அண்ணி?"

"எந்த யூனிட்டு, புள்ள எப்பிடி உள்ள வந்துச்சின்னு வரும். மொதலாளி ஒன்னத்தான் நிறுத்துவாரு. பஸ்டாண்டு போண்டான்னு சொல்லு."

பெரியாஸ்பத்திரியில் போண்டா என்று சொன்னார்கள். எழுதிக்கொண்டார்கள். டிரிப் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்கவே நேரமாகிவிட்டது. ஜெனிக்கு அழத் தெம்பில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. ஊசிக்கு ஊரைக் கூட்டுகிறவள்.

அம்மாவும் அத்தையும் அங்கேயே. நானும் அப்பாவும் வீட்டில். அப்பா தூங்கவில்லை, புரளும் சத்தம் கேட்கிறது. விளக்கை அணைக்கிறேன்.


11.9.2006, திங்கள்

தமிழ் முதல் தாள். எழுதினேன். என்ன எழுதினேன் என்று தெரியாது. கட்டுரையை முடிக்கவில்லை.

வெயில். ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாடை. எடுத்துப் போனது: கஞ்சி, டவல், ஜெனியின் சிவப்பு டம்ளர், பிஸ்கட் (யாரும் தின்னவில்லை).

டாக்டர் ஒரு பெண். சின்ன வயது. கட்டிலருகில் ரொம்ப நேரம் நின்றார். "போண்டாவுக்கு இவ்வளவு ஆகாதே. இத்தனை டிரிப் போட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது? வேற எதுவும் குடுக்கிறீங்களா?"

"இல்லைங்க டாக்டரம்மா" என்றாள் அத்தை.

டாக்டர் போனதும் இடுப்பிலிருந்து இருமல் மருந்து பாட்டிலை எடுத்தாள். உள்ளே விளக்கெண்ணெய். ஜெனியின் தலையைத் தூக்கி ஒரு மூடி ஊற்றினாள். நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"என்னாடி மொறைக்கிற? சூளையில வெச்சா அது கண்ணாடியா ஆவுதுல்ல? வயித்து சூட்டுல வெச்சிருந்தா என்னா ஆவும்? உள்ளயே ஒட்டிக்கும். வெளிய வரணும்டி. வந்துகினே இருக்கணும்."

"டாக்டர்கிட்ட சொல்லலாம் அத்தை."

"சொல்லு. அம்மாவுக்கு வேல போவும். அப்பன் வந்து அவ எலும்ப எண்ணுவான். சொல்லிட்டு வா, போ."

அத்தை கெட்டவள் இல்லை. இதை எழுதி வைக்க வேண்டும். நேற்று ராத்திரி முழுக்க ஜெனியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாளாம், அம்மா சொன்னாள். அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

அத்தை டீ குடிக்கப் போன நேரத்தில் ஜெனி கண்ணைத் திறந்தாள். தின்றாயா என்று கேட்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். கேட்டால் இல்ல என்பாள்.

"பட்டாம்பூச்சி வூடு எங்க இருக்குது ஜெனி?"

"அங்க."

"நல்லா இருக்குமா?"

"ம்ம். நான் மாவு ஆட்டினேன். அச்சுல இருந்து. வெள்ள மாவு."

"பட்டாம்பூச்சி என்னா கலரு?"

"ஆரஞ்சி. கறுப்பும் இருக்குது. சின்னதுக்கா." விரலைக் காட்ட முயன்றாள். டிரிப் கை. தூங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சனிக்கிழமைக் கவுனைத் தேடினேன். துவைக்காமல் கூடையில் கிடந்தது. உதறினேன். வெள்ளை பறந்து போய்விட்டது, துணி சுத்தம். கிளேஸ் அப்படிப் போகாது. அம்மாவின் வேலைப் புடவையைக் கல்லில் அடித்தாலும் போவதில்லை. இது உடைந்த அச்சின் மாவு. சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருக்குமே, அதைத்தான் இடித்து விளையாடியிருக்கிறாள்.

அவள் கிளேஸை நக்கவில்லை.

அப்படியானால் என்ன தின்றாள்? எதைக் கழுவுவதற்கு எதை ஊற்றுகிறார்கள்?

அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. லாரிக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சட்டை கூடப் போடவில்லை.


12.9.2006, செவ்வாய்

மேகமூட்டம். தமிழ் இரண்டாம் தாள். சீக்கிரம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். "என்னம்மா, எல்லாம் எழுதிட்டியா?" என்று மிஸ் கேட்டார்கள். ஆமாம் மிஸ் என்றேன்.

நேராக உடைசல் மேடு.

ஒன்றும் மிச்சமில்லை. நேற்று டிராக்டரில் புதுக் கழிவு கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். யூனிட்டுக்குப் பின்பக்கம் முழுக்கப் புதுச் சில்லு. அவள் எங்கே உட்கார்ந்தாள், எங்கே மாவு ஆட்டினாள், எல்லாம் அடியில். கையால் தள்ளிப் பார்த்தேன். விரல் கிழிந்ததுதான் மிச்சம். அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வாட்ச்மேன் பார்த்தார். என்னா பாப்பா, பரீட்ச கஷ்டமா என்றார்.

பிறகு பார்த்தேன், பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன. கழிவை அவற்றின் மேல் கொட்ட முடியாதல்லவா.

ஆரஞ்சும் கறுப்புமான பூச்சி ஒன்றல்ல. மூன்று வகை.

ஒன்று, வேலியோரம் எருக்கஞ்செடிகளைச் சுற்றி. இறக்கை நுனி கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி. மூன்றில் பெரியது.

ஒன்று, மேட்டின் சரிவில் படர்ந்த கொடியில். பெயர் தெரியாத கொடி, வலை போட்ட மாதிரிப் பச்சைக்குள் சின்னக் காய். இந்தப் பூச்சிக்கு ஆரஞ்சில் கறுப்புப் பொட்டு. மெதுவாகப் பறக்கிறது, பயமே இல்லாமல்.

ஒன்று, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஆமணக்குச் செடிகளின் மேல். இறக்கையைத் தட்டையாக விரித்து இலையில் ஒட்டிக்கொண்டு உட்காருகிறது. கொஞ்சம் மங்கலான ஆரஞ்சு. அதில் கறுப்பாக, அலை அலையாகக் கோடு.

எருக்கம்பால் விஷம். கொடியின் காய் பற்றித் தெரியாது. ஆமணக்கு விதை பற்றித் தாவரவியல் மிஸ் ஒரு வரி சொன்னார்கள்: எண்ணெய் மருந்து, விதை நஞ்சு, தின்றுவிடாதீர்கள். வகுப்பே சிரித்தது. யார் மிஸ் அதைத் தின்பார்கள் என்றாள் பின் பெஞ்சில் ஒருத்தி.

நூலகம். பூச்சிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"பரீட்சையில வருதாம்மா?"

"இல்லைங்க சார்."

"அப்ப எதுக்கு இப்ப? பரீட்ச முடிஞ்சி வா."

போகாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, பீரோவைத் திறந்தார். பழைய ஆங்கிலப் புத்தகம், தூசி. படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை! ஆரஞ்சு கலரைக் கறுப்பு வெள்ளையில் எப்படிக் கண்டுபிடிப்பது? சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே, அதன் புழு எந்தச் செடியைத் தின்னும் என்று போட்டிருக்கிறது. செடிகளின் பெயர் லத்தீனில். அது எனக்குத் தெரியும்! கலோட்ரோபிஸ், எருக்கு. ரிசினஸ் கம்யூனிஸ், ஆமணக்கு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. பாசிஃப்ளோரா என்பது அந்தக் கொடியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சிக்கும் அதனதன் செடி. ஒன்றின் செடியில் மற்றது முட்டை வைக்காது.

ஜெனி சொன்ன வீடு அதுதான். அவளுடைய பூச்சி எது என்று தெரிந்தால் அவள் எந்தச் செடியடியில் உட்கார்ந்தாள் என்று தெரிந்துவிடும்.

ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஜெனி கண்ணே திறக்கவில்லை. கண் குழி விழுந்துவிட்டது. கையில் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நிற்கிறது, டாக்டர் கிள்ளிப் பார்த்தார். அம்மா என்னைத் திட்டினாள்: "பரீட்ச வுட்டு எவ்ளோ நேரமாவுது? எங்கடி சுத்திட்டு வர?"

"கோடா, பொட்டா?" என்று ஜெனியின் காதில் கேட்டேன். கோடா பொட்டா ஜெனி.

அத்தை நான் போகும் வரை காத்திருந்துவிட்டு ஊற்றியிருப்பாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.


13.9.2006, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆங்கிலம் முதல் தாள். அது முடிந்ததும் மேட்டுக்கு. கொண்டுபோனது: ஊறுகாய் பாட்டில் மூன்று, கழுவியது. ஷாலை வலையாக வைத்துப் பிடித்தேன். வாட்ச்மேன் ஆள் கூட்டினார்: "இங்க பாருங்கய்யா, ப்ளஸ் டூ பரீட்ச எழுதற புள்ள பட்டாம்பூச்சி புடிக்குது!" சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எருக்கம்பூச்சி சுலபம். பொட்டுப் பூச்சியைப் பிடித்ததும் விரலில் மஞ்சளாக ஒரு திரவம் விட்டது. பயந்து வாய்க்காலில் கை கழுவினேன். கோட்டுப் பூச்சிதான் படுத்தியது. இலையில் உட்கார்ந்தே இருக்கும், ஷால் கிட்டே போனதும் வழுக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போகும். முழங்கால் வரை சேறு. கடைசியில் இலையோடு சேர்த்துப் பாட்டிலுக்குள் அமுக்கினேன்.

வார்டில் அம்மாவும் அத்தையும். அப்பா ஜன்னலோரம். யாரிடமும் பேசாமல் கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன்.

"ஜெனி, யார் வந்திருக்காங்க பாரு. ஒன்னப் பாக்க."

கண்ணைத் திறந்தாள். முதல் பாட்டில்.

"இது பெருசு" என்றாள். குரல் காற்று மாதிரி.

இரண்டாவது. ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுக்குப் பொட்டு. அதுக்குப் பொட்டு இல்லக்கா. கோடு. நீ கிறுக்குவியே, அந்த மாதிரி."

மூன்றாவது பாட்டிலை எடுத்தேன். அது இலையில் இறக்கையை விரித்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெனி சிரித்தாள். நான்கு நாளில் முதல் முறை. உதடு வெடித்திருந்ததில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

"இதான். இதுக்கு சோறு போட்டியாக்கா?"

"இல்லியே. நீ என்னா போட்ட?"

"முட்டாய் போட்டேன். முள்ளு டப்பாக்குள்ள இருந்திச்சி, ஒடச்சி எடுத்தேன். புள்ளி புள்ளியா, அழகா. மாவு தொட்டுக் குடுத்தேன். அது துன்னல."

"அப்பறம்?"

"நானே துன்னுட்டேன். கடிச்சி. கசந்துச்சி, ஆனா மிச்சம் வெக்கக் கூடாதுல்ல." பிறகு அப்பாவைப் பார்த்தாள். உடனே, "இல்ல. துன்னல. இல்ல."

அப்பா வெளியே போய்விட்டார். அடிக்க வரவில்லை. வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "என்னாடி அது, முட்டாய்?"

"ஆமணக்கு விதைம்மா."

அத்தையின் கை இடுப்புக்குப் போனது. பாட்டில் இருக்கும் இடம்.

டாக்டரைத் தேடிப் போனேன். எல்லாம் சொன்னேன். போண்டா பொய். கிளேஸ் இல்லை, அச்சு மாவு. ஆமணக்கு விதை, கடித்துத் தின்றது. விளக்கெண்ணெய், சனிக்கிழமையிலிருந்து, இங்கே வந்த பிறகும். யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். அத்தை பின்னாலேயே வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

டாக்டர் சத்தம் போடவில்லை. உட்கார்ந்துவிட்டார். "எண்ணெயில அந்த விஷம் இல்லம்மா. ஆனா நாங்க ஒரு பக்கம் தண்ணிய ஏத்துறோம், அது ஒரு பக்கம் எறக்குது. விதைக்குன்னு மாத்து மருந்து கிடையாது. தண்ணி ஒண்ணுதான் மருந்து. அதத்தான் இத்தன நாளா வெளிய தள்ளியிருக்கீங்க."

"பொழச்சிக்குவாளா?" இது அம்மா.

"கிட்னிதான் பயம். ஒன்னுக்குப் போனாளா?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வயிற்றுப்போக்கில் எது எது என்று யார் பார்த்தார்கள். நேற்றிலிருந்து இல்லை என்றாள் நர்ஸ்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம். போகலைன்னா பாண்டிச்சேரிக்கு அனுப்பிடறேன். வண்டிக்குச் சொல்லி வெச்சுக்குங்க."

திரும்பினேன். அத்தை.

"நான் கொல்லப் பாத்தேன்னு சொல்லிட்டல்ல."

"இல்லத்த…"

"எங்கையாலதான ஊத்துனேன். ஒவ்வொரு வாட்டியும் மாதா பேர சொல்லி ஊத்துனேன்." பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தாள். மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்துவிட்டாள். அம்மா போய்க் கூப்பிட்டாள், வரவில்லை. சாப்பிடவில்லை.

நான் செய்தது சரிதானே? சரி என்றால் ஏன் இப்படி இருக்கிறது?

மூன்று பாட்டிலையும் வாசலில் திறந்துவிட்டேன். பொட்டு போய்விட்டது. பெரியது போய்விட்டது. கோடு பாட்டிலுக்குள் இலையிலேயே இருந்தது, தட்டினாலும் போகவில்லை. அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மாதாவே. ஒன்றே ஒன்று. வேறு எதுவும் கேட்கவில்லை. ஒன்னுக்குப் போகட்டும்.


14.9.2006, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தா. டியூப்லைட் விட்டு விட்டு எரிகிறது. ஆங்கிலம் இரண்டாம் தாள் கேள்வித்தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்.

காலையில் பரீட்சைக்குப் போக மாட்டேன் என்றேன். அப்பா, "போ. போயி எழுது. நான் இருக்கறேன்" என்றார். அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. போனேன். தெரிந்த கேள்விக்கும் கை ஓடவில்லை. பெல் அடித்ததும் ஓடி வந்தேன்.

வயிற்றுப்போக்கு குறைந்திருக்கிறது. எண்ணெய் நின்றதால். ஆனால் ஒன்னுக்குப் போகவில்லை. நர்ஸ் பெட்பேன் வைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டுச் சத்தம் காட்டி, உஸ் உஸ் என்று சொல்லி, எல்லாம் செய்து பார்த்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாவும் உஸ் என்றாள். சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவர், தன் மகளைப் பார்க்க வந்தவர், அவரும் உஸ் என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். ஜெனியின் முகம் வீங்கியிருந்தது. கண் இமை கனத்துக் கிடந்தது.

டாக்டர் வந்தார், பார்த்தார். "கிளம்புங்க."

அப்பா வேன் கொண்டுவரப் போனார். அம்மா பையில் துணி வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். எதை எடுப்பது என்று தெரியாமல் தலையணையைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். வேன் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் வேறு வார்டில். தூக்கிக்கொண்டு போகலாம் என்றாள் நர்ஸ், டிரிப் பாட்டிலை நான் பிடிக்க வேண்டும். அம்மாவால் தூக்க முடியவில்லை.

அத்தை உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நேற்றுப் புடவை, முதுகெல்லாம் மண். என் பக்கம் திரும்பவில்லை. ஜெனியைத் தூக்கித் தோளில் போட்டாள். நான் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். ஜெனியின் தலை ஆடிக்கொண்டே வந்தது. குளிர்ந்த காது என் கையில் பட்டது. செத்துவிட்டாள் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

வராந்தா நடுவில் அத்தை நின்றுவிட்டாள்.

"என்னா அண்ணி?" அம்மா பின்னாலிருந்து கத்தினாள். "நடங்க! வண்டி நிக்குது!"

அத்தை நகரவில்லை. ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டு நிற்கிறார்கள், அப்பா வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவள் சிலை மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாள். நேற்றிலிருந்து பார்க்காதவள்.

"ஸ்டெல்லா! ஓடுடி! டாக்டரம்மாவக் கூட்டியா! புள்ள ஒன்னுக்குப் போயிட்டாடி, எம்மேலயே போயிட்டா!"

பாட்டிலை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது.

டாக்டர் வந்து அத்தையின் புடவையைத் தொட்டுப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். கொஞ்சம்தான், கறுப்பாக இருக்கிறது, இன்னும் பயம் போகவில்லை என்றார். நாலு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டும். வேனை அனுப்ப வேண்டாம், நிற்கட்டும்.

நிற்கிறது. அப்பா அதில் உட்கார்ந்திருக்கிறார். இருட்டும் நேரத்துக்கு இன்னொரு முறை போனாள். இந்த முறை பெட்பேனில். டாக்டரிடம் காட்ட நர்ஸ் அதை ஏதோ காணிக்கைத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள்.

"யம்மா, போயி புடவய மாத்திக்குங்க, நாறுது" என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நாறட்டும் வுடு" என்றாள் அத்தை. கட்டிலின் கால்மாட்டில் அந்த ஈரப் புடவையோடுதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.